ஆபீஸ் போகிற வழியில் எடுக்கும் படங்கள்

தாம்பரத்திலிருந்து தினமும் மின்சார ரயிலில் பார்க் ஸ்டேஷன் வந்து வேலைக்குப் போகும் ஒருவர் கேட்டிருக்கிறார்: “20,000 ரூபாய் போன் வைத்திருக்கிறேன். போகும்போதும் வரும்போதும் கண்ணில் படுவதையெல்லாம் எடுக்கிறேன். படம் பளிச்சென்று வருகிறது, ஆனால் நேரில் பார்த்தது அதில் இல்லை. நல்ல கேமரா வாங்கினால் சரியாகுமா? தெரியாத ஆட்களை எடுக்கவும் கூச்சமாக இருக்கிறது.”

கேமரா இப்போதைக்கு வேண்டாம். பள்ளிக்கரணையில் பறவை எடுக்க வேண்டும், கிரிக்கெட் எடுக்க வேண்டும், விடிய விடிய நடக்கும் கூத்தை எடுக்க வேண்டும் என்றால் பெரிய சென்சாரும் (வெளிச்சத்தைப் பதியும் சில்லு) நீளமான லென்ஸும் இல்லாமல் முடியாது. தெருவுக்கு அது தேவையில்லை. 2012-ல் சாண்டி புயல் நியூயார்க்கைத் தாக்கியபோது டைம் இதழின் அட்டையில் வந்த அலையின் படம், பென் லோவி என்ற புகைப்படக்காரர் ஐபோனில் எடுத்தது. அன்றைய அந்தப் போனைவிட இன்று உங்கள் சட்டைப்பையில் இருப்பது எவ்வளவோ மேல். நேரில் பார்த்தது படத்தில் வராமல் போவதற்கு இரண்டு காரணங்கள்தான் எனக்குத் தோன்றுகின்றன. போன் உங்களைக் கேட்காமலே செய்யும் வேலை ஒன்று, நீங்கள் நிற்கும் தூரம் இன்னொன்று.

முதலில் போன். கேமராவைத் திறந்து வைத்திருக்கும் நேரம் முழுவதும் அது பிரேம்களை எடுத்துத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. நீங்கள் பட்டனை அமுக்கியதும் அவற்றில் பலவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இருட்டான இடத்தை வெளிச்சமாக்கி, வெளுத்துப் போன வானத்தை அடக்கி, ஒரே படமாகத் தருகிறது. எச்டிஆர் என்பது இதுதான். சின்னஞ்சிறு சென்சாரை வைத்துக்கொண்டு இவ்வளவு சுத்தமான படம் கிடைப்பது இந்த வேலையால்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எந்த நிழல் வேண்டும், எந்த நிழல் வேண்டாம் என்று அதற்குத் தெரியாது. எல்லா நிழலையும் கழுவிவிடும்.

ஒரு டீக்கடையை எடுத்துக்கொள்வோம். காலை ஆறரை மணி, கிழக்கே இருந்து வெயில் சாய்வாக வருகிறது. மாஸ்டர் பாய்லர் பக்கத்தில் நின்று டீ ஆத்துகிறார். கடையின் உள்பக்கம் கருகருவென்று இருக்கிறது, அதற்கு முன்னால் ஆவி வெள்ளையாக எழும்புகிறது, அவர் முழங்கையில் மட்டும் ஒரு கீற்று வெயில். நீங்கள் நின்று பார்த்தது இதற்காகத்தான். போனில் எடுத்துப் பார்த்தால் உள்சுவர் முழுக்கத் தெரிகிறது: காலண்டர், ஷாம்பு பாக்கெட் சரம், பிஸ்கட் ஜாடி, கரண்ட் மீட்டர். ஆவியைக் காணோம். ஆவி வெள்ளை, பின்னால் கறுப்பு இருந்தால்தான் அது தெரியும். போன் அந்தக் கறுப்பைச் சாம்பல் நிறமாக்கியதும் ஆவி அதற்குள் கரைந்துபோனது.

இதைத் திருப்பி வாங்குவது சுலபம். திரையில் வெயில் பட்ட இடத்தை, அதாவது மாஸ்டரின் கையையோ கண்ணாடி டம்ளரையோ, விரலால் தொடுங்கள். பக்கத்தில் சூரியன் மாதிரி ஒரு குறி வரும், அதைக் கீழே இழுங்கள். சுவர் இருண்டு ஆவி மேலே வரும் வரை இழுக்கலாம். பெரும்பாலான போன்களில் விரலை அழுத்திப் பிடித்தால் அந்த அளவு அப்படியே பூட்டிக்கொள்ளும். அப்புறம் நிற்கும் இடம். ஆவியும் புகையும் பின்னாலிருந்து வெளிச்சம் வந்தால்தான் ஒளிரும். எனவே காலையில் நீங்கள் மேற்குப் பக்கம் போய், கிழக்கே பார்த்து நிற்க வேண்டும். “சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கணும்” என்று ஸ்டூடியோக்காரர்கள் ஒரு காலத்தில் சொல்லிக்கொடுத்ததைத் தெருவில் நான் பாதி நேரம் மீறுகிறேன்.

ஆத்தும் டீயை எப்படிக் காட்டுவது என்பதையும் நீங்களே முடிவு செய்யலாம். அளவுகளை நாமே வைக்க விடும் ப்ரோ மோடில் ஷட்டரை, அதாவது வெளிச்சம் உள்ளே வரும் நேரத்தை, 1/1000 நொடி வைத்தால் டீ துளித்துளியாக உறைந்து நிற்கும். 1/60 வைத்தால் பழுப்பு நாடா மாதிரி நீளமாக விழும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், கண் அப்படித்தான் அதைப் பார்க்கிறது. ஆனால் நேர் வெயிலில் 1/60 வேலைக்காகாது. பெரும்பாலான போன்களில் லென்ஸின் துவாரத்தைச் சுருக்க வழியில்லை என்பதால் படம் வெளுத்துவிடும். கடைக்குள் நிழலில் ஆத்தும்போது செய்து பாருங்கள்.

இன்னும் ஒன்றை உடனே மாற்றச் சொல்வேன். கேமராவுக்குள் பியூட்டி மோடு இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அடியோடு அணைத்துவிடுங்கள். பல போன்களில் அது வாங்கும்போதே ஓடிக்கொண்டிருக்கும். தோலை வழவழப்பாக்கி, நிறத்தைக் கூட்டிக் காட்டும். வெயிலில் கறுத்த முகம், நெற்றி வரி, அம்மைத் தழும்பு, வேர்வை எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒரு மீன்காரம்மாவின் முகத்தை நாம் என்னவென்று பதிவு செய்யப் போகிறோம்? கறுத்த தோலைச் சரியாகக் காட்டாதது கேமரா உலகத்தின் பழைய கோளாறு. வண்ண பிலிம் காலத்தில் நிறம் சரிபார்க்க லேப்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டைகளில் நெடுங்காலம் வெள்ளைக்காரப் பெண்களின் முகம்தான் இருந்தது. கூகுள் 2021-ல் பிக்சல் 6 போனோடு எல்லா நிறத் தோலையும் உள்ளபடி காட்ட ‘ரியல் டோன்’ என்று ஒன்றைக் கொண்டுவந்ததே இந்தக் கோளாறை ஒப்புக்கொண்டுதான். உங்கள் போனில் அது இல்லாவிட்டாலும் பரவாயில்லை, எக்ஸ்போஷரை, அதாவது அந்தச் சூரியன் குறியை, கொஞ்சம் இறக்கினாலே கறுப்பு கறுப்பாகவே நிற்கும்.

போர்ட்ரெய்ட் மோடையும் தெருவில் தவிர்க்கச் சொல்வேன். அது பின்னணியைக் கணக்குப் போட்டு மங்கலாக்குகிறது. கொண்டையில் வைத்த மல்லிச்சரத்தின் ஓரம் எது, பின்னால் இருக்கும் சுவர் எது என்று பிரிக்கத் தெரியாமல் பாதிப் பூவைத் தின்றுவிடும். அதைவிட முக்கியம், பூக்காரம்மாவுக்குப் பின்னால் இருக்கும் தெற்கு மாட வீதி மங்கலாகிவிட்டால் அவர் மயிலாப்பூரில் உட்கார்ந்திருக்கிறார் என்பதே போய்விடும். மெகாபிக்சல் கணக்கைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. 50 மெகாபிக்சல் என்று விற்கும் போனும் சாதாரணமாக நான்கு பிக்சலை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்சல் படத்தைத்தான் தருகிறது, அதுவே தாராளம்.

சரி, தூரத்துக்கு வருவோம். போனின் முக்கிய லென்ஸ் பழைய பிலிம் கேமரா கணக்கில் 24 முதல் 26 மில்லிமீட்டர், அதாவது நல்ல அகலம். எதிர் பிளாட்பாரத்தில் நிற்பவரை எடுத்தால் அவர் எறும்பளவு தெரிவார், சுற்றிலும் ரோடும் வானமும்தான் இருக்கும். இடுப்புக்கு மேல் ஒருவர் படத்தை நிறைக்க வேண்டுமென்றால் ஏறத்தாழ ஒரு மீட்டர் கிட்டத்தில் நிற்க வேண்டும். ஜூம் போடலாமே என்றால், 2 மடங்கு வரை பெரும்பாலான போன்கள் தாங்கும். தூரத்தைக் கிட்டே இழுக்கும் தனி டெலி லென்ஸ் இல்லாத போனில் அதற்கு மேல் போனால் போன் ஊகித்து வரைந்ததுதான் கிடைக்கும், எழுத்துகளைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஒரு மீட்டர் தூரத்தில் நின்று ஒளிந்து எடுக்க முடியாது. போனில் தெருவைப் படம் எடுப்பதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயமே அதுதான். நீளமான லென்ஸ் வைத்திருப்பவர் எதிர்ச்சாரியில் நின்று யாருக்கும் தெரியாமல் எடுத்துக்கொண்டு போய்விடலாம். நீங்கள் பேசித்தான் ஆக வேண்டும். “அண்ணே, கடையை ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?” என்று கேளுங்கள். “எந்த சேனல்ப்பா?” என்றோ “யூடியூப்ல போடுவியா?” என்றோ கேட்பார்கள். உள்ளதைச் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் சரி என்று சொல்லிவிட்டு ஒரு டீ குடித்துவிட்டுப் போங்கள். சம்மதித்தால் முதலில் கையைக் கட்டிக்கொண்டு விறைப்பாக நிற்பார்கள். அந்தப் படத்தையும் மதித்து எடுங்கள், ஏனென்றால் தன்னை எப்படிக் காட்ட வேண்டும் என்று அவர் நினைக்கிறாரோ அது அதில் இருக்கிறது. எடுத்துக் காட்டிவிட்டு அங்கேயே நில்லுங்கள். கொஞ்ச நேரத்தில் வாடிக்கையாளர் வருவார், கடைக்காரர் சில்லறை எண்ணுவார், இஸ்திரி வண்டியாக இருந்தால் பெட்டியில் கரியை ஊதிவிட்டு அடுத்த சட்டையை விரிப்பார். நீங்கள் நிற்பதையே மறந்துவிடுவார். நீங்கள் தேடும் படம் அப்போதுதான் வரும்.

இரண்டாவது தடவை அந்த வழியாகப் போகும்போது அந்த விறைப்பான படத்தை 4-க்கு 6 அளவில் பிரிண்ட் போட்டுக் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் சந்தோஷப்படுவார்கள், ஆனால் பிரிண்ட் கல்லாப்பெட்டிக்கு மேல் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஏறிவிடும். அதற்கப்புறம் அந்தத் தெருவில் உங்களைத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். கூச்சம் போவதற்கு எனக்குத் தெரிந்து வேறு வழியில்லை.

கேட்காமல் எடுப்பதே கூடாதா என்றால், அப்படியில்லை. ரங்கநாதன் தெருவில் தீபாவளிக் கூட்டத்தை எடுக்கும்போது யாரிடம் போய்க் கேட்பது? பொது இடத்தில் படம் எடுப்பதற்குப் பொதுவான தடை எதுவும் நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை. ஆனால் ஒரு பெண் அந்தரங்கமாக இருக்கும் நிலையில் பார்ப்பதும் படமெடுப்பதும் பரப்புவதும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 77-வது பிரிவில் குற்றம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொல்லிவிட்டது. கோயில்களுக்குள் செல்போனுக்குத் தடை விதிக்கச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது, அதனால் கோபுரத்தையும் மாட வீதியையும் வெளியே இருந்து எடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சட்டம் அனுமதிப்பதிலும் நான் சிலவற்றை எடுப்பதில்லை: பிளாட்பாரத்தில் தூங்குபவர்கள், பெற்றோர் பக்கத்தில் இல்லாத குழந்தைகள், வெள்ளத்தில் வீட்டுச் சாமான்களைத் தூக்கிக்கொண்டு வெளியேறுபவர்கள். வெள்ளப் படங்கள் தேவையே இல்லை என்று சொல்லவில்லை. எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் என்பதை அதே போன்கள்தான் ஊருக்குச் சொல்கின்றன. ஆனால் தண்ணீரைக் காட்டுவதற்கு ஒருவர் அழும் முகம் வேண்டியதில்லை.

இனி வெயில். சென்னை நிலநடுக்கோட்டிலிருந்து 13 டிகிரிதான் வடக்கே இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் பகல் 12 மணி 10 நிமிட வாக்கில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். நம் நிழல் நம் காலுக்கடியில் இருக்கும், கண் இருக்கும் இடம் இரண்டு கறுப்புக் குழியாகத் தெரியும். அதே காரணத்தால் இங்கே சூரியன் செங்குத்தாக இறங்குகிறது. வெளிநாட்டு வீடியோக்களில் ‘கோல்டன் ஹவர்’ என்று, சூரியன் தாழ்ந்திருக்கும் பொன் வெளிச்சத்தில், ஒரு மணி நேரத்துக்கும் மேல் நிதானமாக எடுப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம், நமக்கு அது அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போனால் திரும்பி வரும்போது வெளிச்சம் இருக்காது.

உச்சி வெயில் நேரத்தில் திறந்த ரோட்டை விட்டுவிட்டுக் கூரைக்கு அடியில் போங்கள். பாரிமுனையில் கொத்தவால் சாவடிப் பக்கத்துச் சந்துகளில், கடை வாசலில் விழுந்த வெயில் தரையிலும் சுவரிலும் பட்டு எகிறி உள்ளே இருப்பவர் முகத்தில் மெத்தென்று விழும். ஸ்டூடியோ விளக்கு அவ்வளவு நன்றாக இருக்காது. ஒரு எச்சரிக்கை: நீலத் தார்ப்பாய். அதற்கடியில் தக்காளி கருநீலமாகிவிடும், முகம் உயிரற்றதாகத் தெரியும். போன் அதைச் சரிசெய்யப் போய் வெளியே இருக்கும் ரோட்டை மஞ்சளாக்கிவிடும். ஓர் அடி நகர்ந்து, தார்ப்பாயின் விளிம்பில் வெளி வெளிச்சம் விழும் இடத்துக்கு அவர் வரும் வரை காத்திருப்பதுதான் வழி. சிவப்பு, மஞ்சள் துணிப்பந்தல் என்றால் நான் அதைத் திருத்தாமல் அப்படியே விட்டுவிடுவேன், அந்த நிறம் அந்த இடத்தோடு சேர்ந்தது.

உங்கள் ரயிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தாம்பரத்திலிருந்து பீச் போகும் வண்டி பெரும்பாலும் வடக்கு, வடகிழக்காக ஓடுகிறது. காலை வெயில் கிழக்கிலிருந்து, அதாவது வண்டி போகும் திசையில் வலதுபக்க ஜன்னல் வழியாக வரும். மாலையில் நீங்கள் தெற்கே திரும்பும்போது மேற்கு வெயிலும் வலதுபக்கமாகத்தான் வரும். ஆகவே இரண்டு வேளையும் இடதுபக்கக் கதவோரம் சாய்ந்து உள்பக்கம் பார்த்து நின்றால் ஜன்னல் கம்பிகளின் நிழல் எதிரில் இருப்பவர்களின் சட்டை மேலும் பேப்பர் மேலும் கோடுகோடாக ஓடுவதைப் பார்க்கலாம். மரமும் கட்டடமும் குறுக்கே வரும்போதெல்லாம் வெளிச்சம் வெட்டி வெட்டி வரும். சட்டகத்தை முன்கூட்டியே முடிவு செய்து, எக்ஸ்போஷரைப் பூட்டி, வெயில் வரும்போது மட்டும் அமுக்குங்கள். படிக்கட்டில் தொங்கிக்கொண்டு கையை நீட்டி எடுப்பது வேண்டவே வேண்டாம். லேடீஸ் கம்பார்ட்மென்ட் பக்கம் போனைத் திருப்பாதீர்கள். ரயில்வே போலீஸ் வந்து எடுக்காதே என்றால் வாதாடாமல் உள்ளே வைத்துவிடுங்கள், நாளைக்கும் அதே வண்டிதான்.

இறங்கிய பிறகு தெருவின் திசையைப் பாருங்கள். என்எஸ்சி போஸ் ரோடு, திருவல்லிக்கேணி பாரதி சாலை போல கிழக்கு மேற்காக ஓடும் தெருக்களில் காலை, மாலை வெயில் தெருவின் நீளத்துக்கு உள்ளே நுழையும். மார்ச், செப்டம்பர் கடைசி வாரங்களில் இது இன்னும் நேராக இருக்கும். வடக்கு தெற்காக ஓடும் சந்துகளில் அந்த நேரத்தில் ஒருபக்கச் சுவரின் மேல்பாதி மட்டும் எரியும், கீழே நிழலாக இருக்கும்.

இரவுப் படங்களில் இரண்டு தொல்லைகள் வரும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் பல கடை விளக்குகள் நொடிக்கு 100 தடவை மினுக்குகின்றன. வேகமான ஷட்டரில் எடுத்தால் படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழும். 1/100 அல்லது 1/50 வைத்தால் போய்விடும். எம்டிசி பஸ்ஸின் எல்இடி போர்டுக்கும் இதே மாதிரி மெதுவான ஷட்டர்தான் மருந்து, இல்லாவிட்டால் 29சி என்பது பாதி எழுத்தாகத்தான் பதிவாகும். இன்னொன்று நைட் மோடு. அது சில நொடிகள் வரை வெளிச்சத்தைச் சேர்ப்பதால் கட்டடம் துல்லியமாக வரும், நடப்பவர்கள் புகையாகிவிடுவார்கள். 1858-ல் லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயப் புகைப்படக்காரர் மதுரையையும் தஞ்சாவூரையும் மெழுகுக் காகித நெகட்டிவில் எடுத்தபோது இதுதான் நடந்தது. வெளிச்சம் பதிய நீண்ட நேரம் பிடித்ததால் அந்தக் காலத்துப் படங்களில் தெருவில் நடந்த ஆட்கள் பதியவே இல்லை, கல் மட்டும் நிற்கிறது. மனிதர்கள் வேண்டுமென்றால் நைட் மோடை அணைத்துவிட்டு, கொஞ்சம் புள்ளி புள்ளியாக வந்தாலும் சாதாரண மோடில், ஒரு கடையின் வெளிச்சம் விழும் இடத்தில் எடுங்கள்.

என்ன எடுப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எனக்குச் சொல்லத் தோன்றுகிறது. ஊர் முழுக்க அலைய வேண்டாம். உங்கள் வழியில் ஒரே இடத்தைத் தேர்ந்தெடுத்து மாதக்கணக்கில் அதையே எடுங்கள். மெட்ரோ ரயில் இரண்டாம் கட்டத்தை 119 கிலோமீட்டர் நீளத்துக்குக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். மயிலாப்பூர் லஸ் முனையில் தடுப்புத் தகட்டை ஒட்டி மக்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு நடக்கும் ஒற்றையடி வழி, வேலை முடிந்ததும் இருக்காது. 2023 கடைசியில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்தபின், தென்மாவட்டப் பஸ்ஸுக்குக் கோயம்பேட்டில் காத்துக் கிடந்த கூட்டம் மெல்ல அங்கே இடம்பெயர்ந்துவிட்டது. அதை நிதானமாகப் படம் எடுத்து வைத்தவர்கள் எத்தனை பேர்? உங்கள் தடத்திலேயே 2025 ஏப்ரலில் ஏசி மின்சார ரயில் வந்துவிட்டது. மூடிய கண்ணாடிக்குள் ஜன்னல் கம்பி நிழல் கிடையாது, காற்றில் பறக்கும் பேப்பரும் கிடையாது. திறந்த கதவு வண்டிகளும் என்றென்றைக்கும் ஓடிக்கொண்டே இருக்கப்போவதில்லை.

கடைசியாகச் சில வேலைகள். எடுப்பதற்கு முன் லென்ஸைப் பருத்தித் துணியால் துடையுங்கள், விளக்கைச் சுற்றிப் பரவும் பாதி மங்கல் விரல் எண்ணெயால் வருவதுதான். ஏசியிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸில் பனி படியும், துடைத்தால் மறுபடியும் படியும், சில நிமிடம் விட்டுவிட்டால் தானே போய்விடும். படத்தை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் சுருக்கிவிடும், பிரிண்டுக்கு அனுப்பும்போது டாக்குமென்டாக அனுப்புங்கள். யாருடைய வீடோ கடையோ இருக்கும் படத்தைப் பொதுவில் போடும் முன் லொகேஷன் தகவலை நீக்கிவிடுங்கள். உங்களிடம் இருக்கும் பிரதியில் மட்டும் தெருப் பெயர், தேதி, அவர் பெயர் சொல்லியிருந்தால் அது, எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். போன் கெட்டுப்போவதற்குள் இன்னொரு இடத்திலும் ஒரு பிரதி இருக்கட்டும்.